பன்னிரண்டு லிட்டர் பனி

லோகா அக்கா கடையில் இன்றைக்கு
எட்டரைக்கே ரொட்டி சானாய் தீர்ந்துவிட்டது.
தொலைக்காட்சியைச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலிருந்து இறக்கி
ஐஸ்பெட்டி மேல் வைத்திருக்கிறார்கள்.
கோலக்கெட்டிலில் பாதிப் பேர் இங்கேதான்.
மீதிப் பேர் ஆலையில், இரவு ஷிப்ட்டு.

கோலாலம்பூரில் சிவப்புக் கம்பளம்.
முதுகில்லாத சட்டையில் ஒரு பெண்
'கைதட்டுங்க, கைதட்டுங்க' என்கிறாள்.
தட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், கொசுவை.

சிறந்த நடனம். சிறந்த படத்தொகுப்பு. சிறந்த புதுமுகம்.
நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரம்.
எங்கள் எண்ணெய்தான். ஆனால்
அவ்வளவு பொன்னாய் நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

பிறகு, ஆண்டின் சிறந்த பாடல் காணொளி.
ஐந்து பாட்டு, ஆளுக்குச் சில நொடி.
மூன்றாவது நம்மது.

நம்மது என்றால்
பாடியவள் கிள்ளான்காரி,
இசை யாருடைய படுக்கையறைக் கணினியிலோ பிறந்தது.
எடுத்தவன் மட்டும்
ஐந்தாங்கட்டை விசாலாட்சி மகன் கவினேஸ்.
வாடகைக் கோட்டில் அவனை ஒரு நொடி காட்டினார்கள்;
விசாலாட்சி போட்ட சத்தத்தில்
அடுத்த பாட்டின் பெயர் யாருக்கும் கேட்கவில்லை.

செம்பனை வரிசைக்கு நடுவே அவள் நடந்து வருகிறாள்.
கால் தெரியவில்லை. பனி.
இடுப்பளவு, வெள்ளை வெளேரென்று,
ஏதோ மலைநாட்டில் விடிந்தது போல.

அது பனி இல்லை.
அது நான்.

மாவட்ட மன்றத்தின் கொசுப்புகை இயந்திரம், எண் நான்கு,
தோளில் தொங்க,
மரத்துக்கு மரம் குனிந்து பின்னோக்கி நடந்தபடி
நான் ஊதியது.
'அண்ணே, இன்னும் கொஞ்சம் கனவு மாதிரி' என்றான் கவினேஸ்.
கனவுக்கு எந்தத் திருகு என்று
கையேட்டில் போடவில்லை.
மருந்து சேர்க்கவில்லை, சத்தியமாக.
இருந்தும் மூன்றாம் வரியில் அவள் இருமினாள்.
இருமலுக்குச் சற்று முன்னால் வெட்டியிருக்கிறார்கள்.

பதிவேட்டில் நான் எழுதியது:
தமிழ்ப்பள்ளிப் பின்பக்கக் கால்வாய், பன்னிரண்டு லிட்டர்.
அவன் எண்பது வெள்ளி நீட்டினான்.
ஐம்பது வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மேசை தள்ளி
சுகாதாரப் பிரிவு மேற்பார்வையாளர் சத்தியசீலன் சார்
தேஓவை வாயருகே நிறுத்தி
'இது நம்ம புகை மாதிரில்ல இருக்கு' என்கிறார்.
யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குக் கேட்டது.

பதினோரு வருடம்.
நான் தெருவில் திரும்பினாலே ஜன்னல் சாத்துவார்கள்,
காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள்,
கூண்டுக் குருவிக்கு மட்டும் முக்காடு போடுவார்கள்.
இன்றைக்கு அதே புகையை
கடை முழுக்க வாய் பிளந்து பார்க்கிறது.
எழுந்து நின்று சொல்லிவிடவேண்டும் போல் இருக்கிறது.
மேசைக்கு அடியில் போய்விடவேண்டும் போலவும்.

மேடையில் உறையைப் பிரிக்கிறார்கள்.
பிரிக்கிறார்கள்.
இன்னும் பிரிக்கிறார்கள்.
பாலிங் பக்கமிருந்து மழை வந்துவிட்டது.
தகரத்தில் முதலில் நாலு சொட்டு, பிறகு மொத்தமும்;
படம் கட்டம் கட்டமாக உடைந்து
நீலத்திரை:
சேவை தற்காலிகமாகத் தடைபட்டுள்ளது.

ஒருத்தன் ஏணி கேட்கிறான், கூரைத் தட்டைத் திருப்ப.
ஒருத்தன் சுங்கைப்பட்டாணி மச்சானுக்கு அடிக்கிறான்,
அங்கேயும் மழை.
விசாலாட்சி நீலத்தைப் பார்த்தே கும்பிடுகிறாள்.

சத்தியசீலன் சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு
என் மேசைக்கு வருகிறார்.
மழை இரைச்சலில் காதுக்குக் கிட்டே:
'வெறும் டீசல்ல அவ்வளவு வெள்ளையா வராதேடா.
என்ன கலந்த?'

'கிளிசரின், சார். கொஞ்சம் சோப்புத் தண்ணி.
பார்மசில மூணு போத்தல்.'

'எவ்வளவு ஆச்சு?'

'நாப்பத்தெட்டு வெள்ளி.'

அவர் விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போடுகிறார்.
ஈரத்தில் எழுதியது, உடனே காய்கிறது.
பின்னால் யாரோ கத்துகிறார்கள்:
படம் வருது, வருது,
இல்லை,
போச்சு.